பதினேழாம் நம்பர் ரசீது

அந்தக் கூட்டுறவுக் குடியிருப்பில் பதினாறு வீடுகள், வீட்டுக்கு ஒரு பங்கு. செயலாளர் பணத்தைச் சுருட்டுகிறார் என்று இரண்டாம் மாடி டீச்சரம்மா மூன்று வருடம் வழக்காடி, கணக்கைப் பார்க்க உத்தரவு வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை அலுவலக அறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். பணம் குறையவில்லை. மாதாமாதம் பதினேழாம் நம்பர் என்று எழுதி ஒரு வீட்டுப் பராமரிப்புத் தொகை கூடுதலாக வந்திருந்தது.

"பதினேழாம் நம்பர் வீடு எதுங்க?"

"அப்படி ஒரு வீடே கிடையாது," என்றார் எதிரே இருந்த செயலாளர். " ஒண்ணாந்தேதி மேஜை மேல கவர் இருக்கும், நோட்டுல கையெழுத்து இருக்கும். பாக்கி வைக்காம கட்டுறது அவர் ஒருத்தர்தான்."

டீச்சரம்மா கையெழுத்தைப் பார்த்தார். நாலு வருடம் முன்பு இறந்துபோன அவருடைய கணவரின் கையெழுத்து.

"இதனாலதாம்மா நோட்டைக் காட்ட மாட்டேன்னு நின்னேன்," என்றார் செயலாளர்.

டீச்சரம்மாவுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. மீதிப் பக்கங்களையும் கூட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"ரசீதை எங்க குடுப்பீங்க?"

"மொட்டை மாடிக் கதவுக்கு அடியில தள்ளிடுவேன். இந்த மாசத்துது இன்னும் போடல."

"குடுங்க, நான் போடறேன்."

மாடிக் கதவு படிக்கட்டுப் பக்கம் பூட்டியிருந்தது. டீச்சரம்மா குனிந்து ரசீதைப் பாதி நுழைத்தார். மீதியை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். பிறகு காகிதத்தை நாலாக மடிக்கும் சத்தம் கேட்டது.