புதுசா, பழசா?

"அக்கா, ஆளுங்க ரம்பத்தோட மரத்தடியில காத்திருக்காங்க. இந்த வௌவால் புது இனம்னா மரத்துல கை வைக்க முடியாது. பழசுன்னா வெட்டிடலாம். சீக்கிரம் சொல்லு."

சாலைப் பொறியாளரான தம்பி செல்போனைக் கையிலேயே வைத்திருந்தான்.

விலங்கியல் ஆய்வாளரான அக்கா, அந்த மரத்தில் பிடித்து வந்த வௌவாலின் சிறகைக் கையுறையோடு விரித்தாள். இரண்டாம் விரலில் நகம் இருந்தது. பழந்தின்னி வௌவால்தான். ஆனால் அதில் எந்த இனம்?

பல்லையும் காதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அலமாரியிலிருந்து, பதப்படுத்தி வைத்திருந்த வௌவால் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"புது இனம் இல்லடா. ஏற்கெனவே பேர் வச்சதுதான்."

தம்பிக்கு உயிர் வந்தது. "வெட்ட ஆரம்பிங்க" என்று போனில் சொன்னான்.

அக்கா இன்னொரு கையால் போனைப் பிடுங்கினாள். "யாரும் மரத்தைத் தொடாதீங்க."

"பழசுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. உலகத்துல ஒண்ணுகூட மிச்சமில்லாம அழிஞ்சு போச்சுன்னு நாங்க எழுதி வச்ச இனம். அதுதான் இப்போ என் விரலைக் கடிச்சிட்டிருக்கு."