கதவைச் சாத்திக் குடித்த கஞ்சி

"ஒரு கஞ்சிப் பக்குவத்தைச் சொல்றதுக்கு இவ்வளவு பிகுவா!"

கமலாம்பாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக் கொல்லைப்பக்கமாகவே நுழைந்தாள்.

பின்னே என்ன? போன வருஷம் இந்தக் கலைமகளின் புருஷன் பிரபு எப்படிக் கிடந்தான்! மனசு சரியில்லை என்று மாயவரத்து டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டு, உடம்பு ஊதி, கை நடுங்கி, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு! பகலெல்லாம் தூக்கம் வேறு.

இப்போது பாருங்கள், குறுவைக்கு அறுவடை மிஷின் ஓட்டுகிறான் மகராசன்!

எல்லாம் கலைமகள் காய்ச்சுகிற மாப்பிள்ளைச் சம்பா கஞ்சியின் மகிமை என்று தெருவே பேசியது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கஞ்சி குடிக்கிற நேரம் மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்டால், "வெறும் கஞ்சிதாங்க்கா" என்பாள்.

வெறும் கஞ்சியாம்! யாரிடம் கதை விடுகிறாள்?

கமலாம்பாளின் மகன் சேரனுக்கும் இப்போது அதே வைத்தியம், அதே ஊதல், அதே நடுக்கம். பெற்ற வயிறு பற்றி எரியாதா?

அடுப்படியில் கலைமகள் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். நாத்தனார் குந்தவைக்குப் பூ வைக்க நாகப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, மெதுவாப் பேசுங்க. அவங்கள்லாம் இருக்காங்க. நாளைக்குச் சொல்றேனே."

"உன் நாளைக்கு எந்தக் காலத்துல வந்துச்சு? கஞ்சியில என்ன கலக்குற? வேரா, பொடியா? சொன்னா உன் சொத்தா கரைஞ்சிடும்?"

"சத்தியமா ஒண்ணும் கலக்கலக்கா."

"சரி, நீயே வச்சுக்கோ! எனக்கும் கஞ்சி காய்ச்சத் தெரியும். இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. அந்தச் சனியன் பிடிச்ச மாத்திரையெல்லாம் காலையிலயே வாய்க்கால்ல வீசிட்டேன்!"

கலைமகள் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"ஐயோ, என்னக்கா பண்ணிட்டீங்க!"

அவள் போட்ட கூச்சலில் கூடத்துப் பேச்சு நின்றுபோனது. அவளோ எதையும் கவனிக்கவில்லை. அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை உருவி எடுத்தாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு நான் குடுக்கிறது இதைத்தான்! இன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன்! நாங்களும் ஒரு தடவை எங்க இஷ்டத்துக்கு நிறுத்திப் பார்த்தோம்க்கா. அந்த வாரமே ஆத்துல இறங்கிட்டாரு. கரைக்கு இழுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு!"

"அப்ப அந்தக் கஞ்சி?"

"ஊதுது, நடுங்குதுன்னு டாக்டர்கிட்டயே போய் அழுதேன். மாத்திரையை மாத்திக் குடுத்தாரு. நடக்கச் சொன்னாரு, சாப்பாட்டையும் பார்த்துக்கச் சொன்னாரு. கஞ்சி அதுக்குத்தான். கஞ்சி மட்டும் போதும்னு யாருக்கா சொன்னது?"

"நீ வாயைத் திறக்கலையேடி!" கமலாம்பாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"குந்தவை கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். பைத்தியக்காரன் தங்கச்சின்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னுதான்..."

சொல்லிவிட்டுத்தான் கூடத்துப் பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா தர்மாம்பாள் பட்டுப் புடவையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்!

பாவி, ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே என்று கமலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த பிரபு யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தான்.

"அக்கா, சேரனைக் கிளப்புங்க. டாக்டர் இப்ப இருப்பாரு. ஓடிப் போயிட்டு வந்துடலாம்."

"பூ வைக்கிற நேரத்துலயா தம்பி?" கமலாம்பாள் தயங்கினாள்.

"முதல்ல அந்தப் புள்ளையைப் பாருங்க. நாங்க எங்கேயும் ஓடிட மாட்டோம்" என்றாள் தர்மாம்பாள். அடுப்படிக்குள் வந்து மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, கலைமகளின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒரே மாத்திரை.

"அந்தக் கஞ்சியில எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தும்மா கலை, மாத்திரை போடுற நேரமாச்சு. கதவு திறந்தே இருக்கட்டும்."