எலி செத்த வாடை

இலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் விழுந்தபோது அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

வீடு நாறியது.

எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்றாள் பெரியம்மா. நாலைந்து நாளாகத் தேடுகிறார்களாம். பீரோவை நகர்த்திப் பார்த்தாயிற்று, பரணை ஒழித்தாயிற்று. புது மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வருகிற நாளில் இப்படியா என்று சாம்பிராணி வேறு போட்டிருந்தாள். சாம்பிராணியும் அந்த வாடையும் சேர்ந்து தேங்காய்ப்பாலின்மேல் வந்து உட்கார்ந்தன.

அவன் சந்தகையை விரலால் அளைந்துகொண்டிருந்தான்.

பக்கத்தில் கோகிலவாணி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

அவள் டாக்டர். கல்யாணமாகி ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் அவன் தயிரை விட்டுவிட்டான். யாரோ ஒருவரின் முதுகுக் கட்டியைக் கீறிய கதையை அவள் தயிர்சோறு பிசைந்தபடியே சொன்ன நாளிலிருந்து. படுக்கையில் அவள் கை தோளில் விழுந்தால், இந்தக் கை இன்று எங்கெல்லாம் போய் வந்ததோ என்று தோன்றும். தூங்குகிற மாதிரி புரண்டு படுப்பான்.

அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தான்.

கோகிலவாணி சாப்பிடுவதை நிறுத்தினாள். காற்றை மோந்தாள்.

எழுந்தாள். எச்சில் கையோடு பீரோவைக் கடந்தாள். ஜன்னலைக் கடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

பெரியப்பா வெயில் காலத்திலும் சாக்ஸ் போட்டிருந்தார். கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எலி இல்லீங்க, அத்தை," என்றாள் பெரியம்மாவிடம்.

கையைக் கழுவி வந்து தரையில் உட்கார்ந்தாள். சாக்ஸை உருவினாள். அது தனியாக வரவில்லை. தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.

சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதன் அடியில் ஒரு குழி. குழிக்குள் ஏதோ மஞ்சளாக மினுங்கியது.

அவள் முகத்தை அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பால் திரிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

அவன் இலையை மூடிவிட்டான்.

சர்க்கரை நோயில் முதலில் வலியே தெரியவில்லை. தெரிந்த பிறகு பெரியப்பா மறைத்தார். பெரியம்மா பார்த்தால் அருவருப்பாள் என்று கூடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் எலி தேடினார்.

பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு, கையைக் கீழே இறக்கினாள்.

ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டியது கோகிலவாணி. பின்சீட்டில் அவன். அவன் மடியில் அந்தக் கால். துண்டைத் தாண்டி ஈரம் பேண்ட்டில் ஊறியது. அவன் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தான். பெரியப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் வந்தார்.

விரல் போயிற்று. கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று சொன்னார்களாம்.

வீடு திரும்பிய பிறகு தினமும் கட்டுப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. பெரியம்மாவைத் தொடவிட மாட்டேன் என்று பெரியப்பா ஒரே பிடிவாதம். கோகிலவாணி தினமும் போய் வந்தாள். அடுத்த வாரம் தனக்கு வெளியூரில் மருத்துவ முகாம், யாராவது பழகிக்கொண்டால் நல்லது என்று ஒருநாள் பொதுவாகச் சொன்னாள்.

மறுநாள் அவனும் கூடப் போனான். கையுறையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

பழைய துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீரால் நனைத்து மெதுவாக இழுக்கச் சொன்னாள். இழுத்தான். நூல் நூலாக எழும்பி வந்தது.

புழக்கடைக்கு ஓடினான். வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். காலையில் தின்ற இட்லி முழுதும் வெளியே வந்தது.

நிமிர்ந்தபோது அவள் சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"நான் பாத்துக்கிறனுங்க. நீங்க கார்ல போய் உக்காருங்க."

சொன்ன குரலில் கேலி இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வாய் கொப்பளித்தான். கண்ணைத் துடைத்தான். இரண்டு கையுறைகளையும் கழற்றிக் குப்பையில் போட்டான்.

"இன்னும் பாதி இருக்குது," என்றான்.

வேறு கையுறைக்காக அவளிடம் கையை நீட்டினான்.