களப்பு உடைக்கும் நேரம்

செம்மலைக்கு அங்காலே, கடலுக்கும் உவர்நீர்க் களப்புக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டில் ஏரம்பு மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். சண்டை ஓய்ந்த தை மாதம். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு மருமகனின் வண்டியை இரவல் வாங்கி, மனைவி கமலாசனியோடு கண்டாவளையிலிருந்து கடலைப் பார்க்க வந்திருக்கிறார். வயலை விட்டு இருவரும் சும்மா புறப்பட்ட முதற்பயணம் இது. முன்னே மீனவர்கள் மண்வெட்டிகளால் திட்டை வெட்டுகிறார்கள். மாரி மழையில் நிரம்பிய களப்பு, வெட்டிய வாய்க்காலில் மெல்லக் கசிந்து கடலைத் தேடுகிறது.

“போறதெண்டா இப்பவே போங்கோ! களப்பு உடைச்சுதெண்டா பின்னேரம் தோணியிலதான் திரும்பலாம்,” என்று ஒருவர் கத்துகிறார்.

“திரும்புவம் கமலா. மருமோன்ர சைக்கிள்,” என்கிறார் ஏரம்பு.

“அங்கால என்ன இருக்கெண்டு பாக்காமலோ?” கமலாசனி செருப்பைக் கழற்றிப் பைக்குள் போடுகிறாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகுகிறாள். “நீங்கள் ஓட்டுங்கோ, நான் தள்ளுறன்.”

வாய்க்காலுக்குள் வண்டியின் பின்சில்லு சுழன்று அவள் முகமெல்லாம் மணலை அடிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் கணுக்காலைச் சுற்றி இழுக்கிறது. மீனவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். வண்டி உறுமி அக்கரை ஏறவும், பின்னால் திட்டு சரிகிறது. களப்பு முழக்கத்தோடு கடலுக்குள் பாய்கிறது. மீன்கள் வெயிலில் துள்ளுகின்றன. கமலாசனி மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள். இப்படியொரு சிரிப்பை ஏரம்பு வீட்டில் கேட்டதேயில்லை.

அவள் பின்னால் ஏறி அவர் தோளை இறுக்கிப் பிடிக்கிறாள். “இஞ்சருங்கோ, இனி வேகமா விடுங்கோ.”