தழும்பின் நிறம்

அனிமேஷன் படத்துக்கு மாறன் டேப்லெட்டில் கோடுகளாக வரைந்து தருவான். அவன் மனைவி குமுதினி அவற்றைச் சுத்தம் செய்து வண்ணம் நிரப்புவாள். இந்தமுறை வந்தது, தலையைத் திருப்பிச் சிரிக்கும் ஒரு பெண். ஒவ்வொரு ஃபிரேமிலும் அவளுடைய இடது புருவத்தை ஒரு சின்னக் கோடு வெட்டிக்கொண்டு போயிற்று. பேனா தவறிய பிசிறு என்று நினைத்து, குமுதினி அத்தனையிலும் துடைத்தெடுத்தாள். மறுநாள் ஃபைலைத் திறந்தால் கோடு பழையபடி புருவத்தில் இருந்தது.

“பிசிறைத் திரும்பப் போட்டு வச்சிருக்கீங்களே?”

“பிசிறில்லை, தழும்பு. முகத்துல அப்படி ஏதாவது இருந்தாத்தான் உயிர் வரும்” என்றான், அவளைப் பார்க்காமல்.

படத்தின் கதையில் தழும்பு எங்கேயும் கிடையாது. குமுதினி வாதாடவில்லை. வேண்டுமென்றே அதில் குங்குமச் சிவப்பை நிரப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றவன் சட்டென்று சொன்னான்: “இவ்வளவு சிவப்பு இருக்காது. வெளிறித்தான் இருக்கும். வெயில்ல நின்னா மட்டும் லேசா சிவக்கும்.”

சொல்லி முடித்ததும், ஆறிப்போன டீயை ஊத ஆரம்பித்தான்.

அவள் நிறத்தை மாற்றினாள். ஃபிரேம்களை ஓடவிட்டாள். திரையில் அந்தப் பெண் மெல்லத் திரும்பி, குமுதினியின் தோளுக்கு மேலே, பின்னால் நின்றவனைப் பார்த்துச் சிரித்தாள்.