குகதாசன் அடிக்காத பந்து

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் குகதாசன். மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பிறகுதான்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தோம். நானும் குகதாசனும் லோடிங்கில். என் மனைவி தவநாயகி பாக்கிங்கில். லோடிங்கில் நின்ற தமிழ் ஆட்கள் முக்கால்வாசிப் பேரின் மனைவிமாரும் பாக்கிங்தான்.

அந்த வருசம் புதிதாக ஓர் அமெரிக்க மனேஜர் வந்தார். கிரிக்கெட் அவருக்குப் பிடிக்காது.

"பேஸ்போல் விளையாடுவோம். லோடிங்குக்கும் பாக்கிங்குக்கும் போட்டி. வெல்கிற பகுதிக்கு ஓகஸ்ட் கடைசி ஞாயிறு சம்பளத்தோடு லீவு. தோற்கிற பகுதி வந்து பெரிய ஓடரை முடிக்க வேண்டும்" என்றார்.

அந்த ஞாயிறுதான் அம்மன் கோயில் தேர்.

வருசா வருசம் வடத்தில் முன்னுக்கு நிற்கிற ஆள் நான். விடுவேனா?

குகதாசனைக் கண்டுபிடித்ததே நான்தான். ஊரில் அவன் எல்லே விளையாடினவன். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற அதே விளையாட்டுத்தான். அமெரிக்கன் தொப்பி போட்டு விளையாடுகிறான், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு நின்றபோது குகதாசன் அடித்த முதல் பந்து கார் பார்க்கைத் தாண்டி, றோட்டில் போன இரட்டைத் தட்டு பஸ்ஸைத் தாண்டி, அந்தப் பக்கத்து சேர்ச் வளவுக்குள் விழுந்தது. மனேஜர் வாயைப் பிளந்தார்.

"இந்தப் பொடியன் அமெரிக்காவில் பிறந்திருந்தால் பேப்பரில் படம் வந்திருக்கும்" என்று தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார்.

தொழிற்சாலை முழுக்க நான் சொல்லித் திரிந்தேன்.

"குகன் நிக்கிறான்! பாக்கிங் பொம்பிளையள் பேசாமல் ஞாயிற்றுக்கிழமைக்குச் சோத்தைக் கட்டுங்கோ!"

வீட்டிலும் சொன்னேன்.

"தவம், நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை. உனக்கும் சேர்த்து நான் கும்பிட்டு வாறன்."

"ம்" என்றாள்.

போட்டியன்று பாக்கிங் பக்கம் பந்து எறிந்தது டொலறஸ் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழங்காலில் நோவு. சீலைக்கு மேல் கம்பளிச் சட்டை. கடைசியாக அடிக்க எங்கள் பக்கம் மிஞ்சியவன் குகதாசன். ஒரே ஒரு நல்ல அடி விழுந்தால் வெற்றி எங்களுக்கு.

"பஸ்ஸுக்கு மேலால அனுப்படா!" என்று கத்தினேன்.

முதல் பந்து மெல்ல வந்தது. மட்டையை வீசினான். காற்றைத்தான் வெட்டினான். இரண்டாவதற்கு ஒரு சுற்றுச் சுற்றித் தானே விழுந்தான். மூன்றாவது பந்து, சுகம் விசாரித்துவிட்டுப் போகிற மாதிரி ஆறுதலாக வந்தது. பார்த்துக்கொண்டே நின்றான்.

மூன்றும் தவறினால் ஆள் அவுட். ஆட்டமும் முடிந்தது. பாக்கிங் பெண்கள் டொலறஸ் அக்காவைத் தூக்கப் பார்த்து, ஏலாமல், சுற்றி நின்று ஆடினார்கள்.

"என்னடா நடந்தது?"

"வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிட்டுது, அண்ணை."

"லண்டனில எங்கையடா வெயில்?"

லோடிங்கில் வேறு ஒருவரும் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. முதுகில்கூடத் தட்டினார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

ஞாயிறு முழுக்க நான் பிஸ்கட் பெட்டி தூக்கினேன். பின்னேரம் தவநாயகி வீட்டுக்கு வந்தாள். குரல் அடைத்திருந்தது.

"வடம் பிடிச்சனான்! கை கொப்பளிச்சுப் போச்சு, பாருங்கோ" என்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள்.

நான் பார்க்கவில்லை. குகதாசனை அடுத்த நாள் என்ன சொல்லி ஏசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருசம் அவனோடு கதைக்கவில்லை. 'காத்துவெட்டி' என்று பெயரும் வைத்தேன். அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

தொண்ணூற்றைந்தில் மகளின் மூன்றாவது பிறந்தநாளைப் பூங்காவில் கொண்டாடினோம். தவநாயகி எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். காத்துவெட்டிக்கும்தான். பிள்ளைகள் ரெனிஸ் பந்தும் மட்டையும் வைத்து விளையாடினார்கள்.

"மாமா, நீங்களும் அடியுங்கோ" என்று அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"பாத்து, கண்ணுக்குள்ள வெயில் அடிக்கும்" என்றேன்.

அடித்தான். பந்து மரங்களுக்கு மேலால் போய், குளத்தையும் தாண்டியது. எங்கே விழுந்தது என்று ஒருவரும் காணவில்லை. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

நான் கேக் தட்டை வைத்துவிட்டு எழும்பினேன்.

"அடேய்! அப்ப அண்டைக்கு வேணுமெண்டுதான் விட்டனியோ?"

அவன் தவநாயகியைப் பார்த்தான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். டொலறஸ் அக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு குகதாசன் சொன்னான்:

"அண்ணை, பாக்கிங்கில நிண்ட அக்காமாருக்கு ஒருக்காத் தேர் பாக்க ஆசை. லண்டன் வந்த நாளில இருந்து ஒவ்வொரு முறையும் வேலை, இல்லாட்டிச் சமையல். எல்லாரும் தங்கடை தங்கடை மனுசன்மாரிட்டைக் கேட்டவை. அவையும் ஓம் எண்டிட்டினம். அடிக்க வேண்டாமெண்டு எனக்கு வந்து சொன்னதே அவைதான்."

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே!"

"உங்களிட்டைக் கேக்கத் தவமக்காவுக்குப் பயம். அவ நேரை என்னட்டை வந்தவ."

நான் தவநாயகியைப் பார்த்தேன். கத்தியில் ஒட்டியிருந்த கிறீமை வழித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"இப்ப பயமில்லை, கேக்கிறன். வாற ஞாயிறு தேர். நான் வடம் பிடிக்கப் போறன். பிள்ளையை நீங்கள் பாப்பியளோ?"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். தலையாட்டினேன். கைதட்டினார்கள்.

அந்தத் தலையாட்டல் அவளுக்கு. குகதாசனின் கதை வேறு. பூங்காவில் பிள்ளைகளுக்கு அடித்ததெல்லாம் கணக்கில் சேராது. அந்த ஒரு அடி எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.