உதடு பட்ட இடம்

“அம்மா, பக்கத்து வீட்டு மாதா படத்துல ஏன் மூஞ்சியே இல்ல?” என்று மகன் ஒருநாள் கேட்டபோது, “பூச்சி அரிச்சிருக்கும், போய்ப் படி” என்று தபீதாள் டீச்சர் அதட்டியிருந்தாள். படங்களை வணங்காத சபை அவளுடையது. இன்று பக்கத்து வீட்டு ரத்தினபாய்க்குக் காசநோய் சானடோரியத்தில் நுரையீரல் ஆபரேஷன். அவளுக்கு மாற்றுப்புடவை எடுக்க அந்த வீட்டுக்குள் வந்த டீச்சர், ஜன்னல் வெயில் விழும் அந்தப் படத்தின் முன் விக்கித்து நிற்கிறாள். சுவரில் பழைய சாம்பிராணி வாசம். நீல முக்காடும் குழந்தையும் பளிச்சென்று இருக்கின்றன. முகம் மட்டும் தேய்ந்து, வெறும் வெள்ளை அட்டை தெரிகிறது. பூச்சி அரிக்கவில்லை, உதடு பட்டுப்பட்டுத் தேய்ந்திருக்கிறது. “உங்க புள்ள டைபாய்டுல கெடந்தப்ப மாதாவை முத்தம் குடுத்தே தொந்தரவு பண்ணிட்டேன் டீச்சர்” என்று ரத்தினபாய் சிரித்ததைத் தபீதாள் வெறும் பேச்சென்றுதான் நினைத்திருந்தாள். கதவைச் சாத்துகிறாள். அந்தச் சொரசொரப்பான வெள்ளையில் உதட்டை வைக்கிறாள். “ரத்தினம் பொழைக்கணும்” என்கிறாள்.